கோரமண்டல் குழந்தைக்காக வாதாடுவது யார்?

2001 பிப்ரவரி 28 அன்று ஒன்றிய அரசு கோலார் தங்கச் சுரங்கத்தை மூடியது. கோரமண்டலின் உழைப்பாளிகள் இன்று விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருவில் கூலி தேடுகின்றனர். மாற்றுத்திறன் குழந்தையின் கல்விக்காகப் பள்ளி வாசலில் நிற்பதற்கும் அவர்கள் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். "சிறப்பு ஆசிரியர் இல்லை" என்று அங்கே பதில் வந்தால் அடுத்து எங்கே செல்வது?

சட்டம் தெளிவாகவே உள்ளது. 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடுடைய குழந்தை, 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறலாம் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். தொடக்க நிலையில் இத்தகைய 10 மாணவருக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் வேண்டும் என 2022இல் ஒன்றிய அரசு வகுத்தது. பணியிடங்களை அறிவித்து நிரப்புமாறு 2025 மார்ச்சில் உச்சநீதிமன்றம் மாநிலங்களுக்கு மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. ஆட்சியாளர்களின் அலட்சியத்திற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? சக்கர நாற்காலி வழங்கிப் படமெடுத்துக்கொள்ளும் கைகள், ஆசிரியர் நியமனக் கோப்பில் மட்டும் கையெழுத்திட மறுக்கின்றன.

வழக்காடப் பணமில்லை என்று பெற்றோர் ஒதுங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரை உறுதி செய்கிறது. ஆனால் கன்னடத்தில் மனு எழுதவும் அலுவலகப் படியேறவும் துணை வேண்டும்.

அத்துணை கட்சிக் கிளைகளே. பள்ளியின் மறுப்பை எழுத்தில் பெறுவதும், சட்டப் பணிகள் ஆணையத்திற்கும் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் பெற்றோருடன் செல்வதும் வர்க்கக் கடமையாகும். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்துச் சுரங்கத்தையே நிறுத்திய தொழிலாளர்களின் பேரக் குழந்தைகள் பள்ளி வாசலில் கையேந்தி நிற்பதா?