சிறு குறிதானே என்று விட்டுவிடலாமா?



நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிய வேதியியல் ரெக்கார்டு நோட்டை எடுத்துப் பாருங்கள். 'இட்ஸ்' என்ற சொல் அதில் எங்காவது இருக்கும். அதன் டி எழுத்துக்கும் எஸ் எழுத்துக்கும் நடுவே, காற்புள்ளியைத் தூக்கி மேலே வைத்தாற்போல ஒரு குறி இருக்கிறதா? அதன் பெயர் அபாஸ்ட்ரபி. "சிறு குறிதானே, இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?" என்று விட்டுவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து.

குறி இருந்தால் அது 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' என்பதன் சுருக்கம். குறி இல்லாவிட்டால் 'அதனுடைய' என்று பொருள். இரண்டுக்கும் ஒலி ஒன்றே. எனவே காது உதவாது. விரித்துப் பார்ப்பதுதான் சோதனை. 'தி மெட்டல் லாஸ்ட் இட்ஸ் ஷைன்' என்பதை 'தி மெட்டல் லாஸ்ட் இட் இஸ் ஷைன்' என்று படியுங்கள். பொருள் சிதைகிறதல்லவா? அங்கே குறி வரக்கூடாது.

இதில் தவறுபவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. 'மேக்னட்' போன்ற பெயர்ச்சொல்லுக்கு உடைமைப் பொருளில் குறி உண்டு. எனவே இதற்கும் உண்டு என்று மனம் எண்ணுகிறது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயரே குறியிட்டு எழுதியதுண்டு. ஆனால் 'ஹிஸ்', 'அவர்ஸ்' ஆகியவற்றில் குறி இல்லை. அந்த வரிசையில் இதையும் வைத்துக்கொண்டால் மறக்காது.

அப்படியானால் சுருக்கச் சொற்களை ரெக்கார்டில் எழுதலாமா? பேச்சில் 'கரைஞ்சிடுச்சு' என்கிறோம். எழுதும்போது 'கரைந்துவிட்டது' என்கிறோம். ஆங்கிலத்திலும் அதே முறைதான். மேலும், 'சூடாக்காதே' என்ற எச்சரிக்கையின் உயிரே 'நாட்' என்ற சொல்தான். 'டோன்ட்' என்று சுருக்காமல் 'டு நாட்' என முழுதாக எழுதினால், அவசரத்தில் படிப்பவர் கண்ணுக்கும் அது தப்பாது.

இன்னொரு வகைக் குழப்பமும் உண்டு. அங்கே இரண்டு வடிவங்களுமே சரி. கந்தகத்தைக் குறிக்கும் 'சல்பர்' என்ற சொல்லை நம் நாட்டுப் பாடநூல்கள் பலவற்றில் பி, எச் எழுத்துகளுடன் காண்கிறோம். அமெரிக்கர்கள் எஃப் எழுத்தால் எழுதுவர். பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் 1990இல் எஃப் வடிவத்தையே ஏற்றது. அதே ஒன்றியம் அலுமினியத்துக்கு, அமெரிக்கர் விட்டுவிடும் ஐ எழுத்தைச் சேர்த்த வடிவத்தைத் தேர்ந்தது. எனவே இது எந்த நாடு உயர்ந்தது என்ற போட்டியன்று. படிப்பவர் குழம்பக்கூடாது என்பதற்கான உடன்பாடு.

உங்கள் பாடநூல் வடிவத்தையே பின்பற்றுங்கள். ஆனால் முதல் பக்கத்தில் ஒன்றும் அடுத்த பக்கத்தில் வேறொன்றுமாக எழுதாதீர்கள். ஒரே சோதனையில் பாதியைச் சென்டிமீட்டரிலும் மீதியை அங்குலத்திலும் அளப்போமா? அளவில் காட்டும் கவனத்தைச் சொல்லிலும் காட்டுவோம். இன்றே நோட்டைத் திறந்து ஒரு பக்கத்தைத் திருத்திப் பாருங்களேன்!