பக்கத்துப் பல் என்ன பாவம் செய்தது?

கடைவாய்ப் பல் ஒன்று போய்விட்டது. சேவு கடிக்க முடியவில்லை. சோற்றையும் ஒரு பக்கமாகவே மெல்ல வேண்டியிருக்கிறது. என்ன செய்வது?

அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் பல வீடுகளில் எழும் கேள்வி இது. "பிரிட்ஜ் கட்டுங்கள்" என்கிறார் ஒருவர். "இம்ப்ளான்ட் வையுங்கள்" என்கிறார் மற்றொருவர். "எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறார் குடும்பத் தலைவர். தொகையைக் கேட்டதும் பேச்சு நின்றுவிடுகிறது! மழையை நம்பி மிளகாயும் பருத்தியும் போடுகிற பூமி இது. இங்கே ஒரு பல்லின் செலவு சின்னச் செலவு அல்ல.

ஆனால், விலையைக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "பக்கத்துப் பற்கள் எப்படி இருக்கின்றன?" என்பதே அது.

பாலம்

பிரிட்ஜ் என்றால் பாலம். பாலத்துக்கு இரண்டு பக்கமும் தூண் வேண்டும். ஆகவே, விழுந்த பல்லுக்கு இரு பக்கமும் உள்ள பற்களை டாக்டர் சுற்றிலும் ராவிச் சிறிதாக்குவார். அவற்றின் மேல் தொப்பி போல் இரண்டு உறைகள் உட்காரும். நடுவில் பொய்ப்பல் இருக்கும். மூன்றும் ஒரே துண்டு. பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் வேலை முடிந்துவிடும். அறுவை இல்லை. செலவும் பொதுவாகக் குறைவு.

குறை என்ன? ராவிய பல் மறுபடியும் வளராது! தூணாக நிற்கும் பல்லில் சொத்தை விழுந்தால், பாலம் முழுவதையும் கழற்ற வேண்டி வரும்.

திருகாணி

இம்ப்ளான்ட் என்பது டைட்டானியம் என்ற உலோகத்தால் செய்த சிறு திருகாணி. அதைத் தாடை எலும்பில் பதிப்பார்கள். மூன்று முதல் ஆறு மாதத்தில் எலும்பு அதைப் பற்றிக்கொள்ளும். பிறகு அதன் மேல் பல் பொருத்துவார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் ஸ்வீடன் நாட்டு டாக்டர் பிரோனமார்க். 1952-ம் ஆண்டு அவர் முயலின் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றை வைத்து வேறொரு ஆராய்ச்சி செய்தார். ஆராய்ச்சி முடிந்ததும் கருவியைக் கழற்றப் பார்த்தார். வரவில்லை! எலும்பு அதை விடவே இல்லை. 1965-ல் முதல் முறையாக ஒரு மனிதரின் தாடையில் அதே உலோகத்தைப் பதித்தார். அந்த மனிதர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பற்களோடு வாழ்ந்தார்.

இந்த முறையில் பக்கத்துப் பற்களைத் தொட வேண்டியதில்லை. ஆனால் செலவு அதிகம், காத்திருக்கவும் வேண்டும்.

நெசவாளியின் நியாயம்

அருப்புக்கோட்டை தறிக்குப் பேர்போன ஊர். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி என்ன செய்கிறார்? அந்த இழையை மட்டும் பிணைக்கிறார். பக்கத்தில் உள்ள நல்ல இழைகளை அறுப்பதில்லை!

பல்லுக்கும் அதுவே நியாயம். பக்கத்துப் பற்கள் இரண்டும் பழுதில்லாமல் இருக்கின்றனவா? அப்படியானால், ஒரு பல்லுக்காக இரண்டு நல்ல பற்களை ராவுவது நஷ்டம். சற்றுப் பொறுத்துப் பணம் சேர்த்தாவது இம்ப்ளான்ட் வைப்பது நல்லது.

பக்கத்துப் பற்களே சொத்தையாகி, அடைத்து, உறை போட வேண்டிய நிலையில் இருக்கின்றனவா? வேர் உறுதியாக இருந்தால் பிரிட்ஜ்தான் புத்திசாலித்தனம். ஒரே வேலையில் மூன்று பல்லும் சீராகும்.

எல்லோருக்கும் இம்ப்ளான்ட் ஆகாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், பீடி, சிகரெட், புகையிலையை விடாதவர்கள், ஈறு நோய் உள்ளவர்கள் முதலில் அவற்றைச் சரி செய்ய வேண்டும். தாடை வளர்ந்து முடியாத பிள்ளைகளுக்கும் வைக்கக் கூடாது. எலும்புத் தேய்வுக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். திருகாணிக்குச் சொத்தை வராது. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறு அழுகலாம். ஆகவே, எதை வைத்தாலும் தினம் இரண்டு வேளை துலக்கியே ஆக வேண்டும்!

கடன் வேண்டாம்

இரண்டுக்கும் வசதி இல்லையா? கழற்றி மாட்டும் பல் இருக்கிறது. அது கௌரவக் குறைவு அல்ல. கந்து வட்டிக்கு வாங்கிப் பல் கட்டுவதுதான் ஆபத்து. ஆனால் ஆண்டுக் கணக்கில் இடத்தை வெறுமையாக விடாதீர்கள். பக்கத்துப் பற்கள் சாயும். எதிர்ப் பல் நீளும். அந்த இடத்தில் எலும்பும் கரையும்.

சம்மதம் சொல்லும் முன் முழுச் செலவையும், மேலே வைக்கும் பல்லின் விலையையும் சேர்த்து, எழுதி வாங்குங்கள். இம்ப்ளான்ட் என்றால் கம்பெனியின் பெயரையும் அளவையும் குறித்து வாங்குங்கள். பின்னால் பழுது பார்க்க அது தேவைப்படும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. "பிடுங்கித்தான் ஆக வேண்டுமா? வேர் சிகிச்சை செய்து காப்பாற்ற முடியாதா?" என்று கேளுங்கள். சொந்தப் பல்லுக்கு ஈடு எதுவும் இல்லை!

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. 2022-ம் ஆண்டு விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. கரிசல் மண்ணின் மக்கள் அதை வரவேற்றார்கள். பல் விஷயத்திலும் அந்த மக்களைக் கவனிக்க வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரிகளில் பல் பிடுங்குவதோடு வேலை முடிந்துவிடக் கூடாது. காப்பாற்றும் சிகிச்சையும், குறைந்த செலவில் பல் கட்டும் வசதியும் அங்கேயே கிடைக்க வேண்டும்.

பல் என்பது அழகுக்கு மட்டும் அல்ல. மென்று தின்றால்தான் உடம்பில் ஒட்டும். உடம்பில் தெம்பு இருந்தால்தான் தறியும் ஓடும், ஏரும் ஓடும்!