ரோட்டை விட்டு இறங்கினால் யார் வீடு?

டீசல் பிக்கப் வாங்குகிறீர்கள். வாங்குங்கள். 2016-ல் இசுஸூ டி-மேக்ஸ் வி-க்ராஸும் 2022-ல் டொயோட்டா ஹைலக்ஸும் வந்த பிறகு, பிக்கப் என்றால் தக்காளிக் கூடை ஏற்றுகிற வண்டி என்ற நினைப்பு போய்விட்டது. சந்தோஷம். ஆனால், வாங்கிய மறு மாதமே அதை நோண்ட ஆரம்பிக்கிறீர்களே, அங்கேதான் எனக்கும் உங்களுக்கும் தகராறு.

சஸ்பென்ஷனை இரண்டு அங்குலம் தூக்கு. பெரிய டயர் மாட்டு. முன்னால் இரும்பு பம்பர், அதில் ஒரு வின்ச். கூரை மேல் கூடாரம். பக்கத்தில் யானைத் தும்பிக்கை மாதிரி ஸ்நார்க்கெல். பின்னால் ஃப்ரிட்ஜ், அதற்குத் தனி பேட்டரி. லட்சக்கணக்கில் செலவு. எல்லாம் முடிந்து வண்டி எங்கே போகிறது? புதுச்சேரியிலிருந்து கடலூர் ரோட்டில் அரியாங்குப்பம் வந்து, இடது பக்கம் திரும்பி, கடற்கரை மணலில் இறங்குகிறது. இதற்குப் பெயர் 'ஆஃப்-ரோடு கேம்பிங்'.

இந்த ஆசை அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிறந்தது. அங்கே அதற்கு இடம் இருக்கிறது. அமெரிக்காவில் அரசு நில மேலாண்மைத் துறையிடம் மட்டும் சுமார் 24.5 கோடி ஏக்கர். ஏழு தமிழ்நாட்டை உள்ளே வைத்து மூடிவிடலாம். அதில் பல இடங்களில் 14 நாள் வரை கூடாரம் போட்டுக்கொள்ள அனுமதி உண்டு. புதுச்சேரி யூனியன் பிரதேசம் மொத்தமே சுமார் 490 சதுர கிலோமீட்டர். அதுவும் நாலு துண்டு!

சரி, அரியாங்குப்பத்தில் ரோட்டை விட்டு இறங்கினால் யாருடைய இடம்? ஒரு பக்கம் ஆறும் அலையாத்திச் செடிகளும். ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோம் நாட்டோடு நாம் செய்த வியாபாரத்துக்குச் சாட்சி எடுத்த மண். கிழக்கே போனால் வீராம்பட்டினம். படகும் வலையும் கிடக்கிற மணல் மீனவரின் வேலையிடம். உங்கள் அலுவலக மேஜைமேல் ஒருவர் டயர் ஏற்றினால் சும்மா இருப்பீர்களா?

மீனவராவது சத்தம் போடுவார். ஆமை என்ன செய்யும்? ஜனவரியிலிருந்து இந்தக் கரையோரம் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. ஒன்றரை அடிக் குழியில் நூறு முட்டை போல. பொரிய ஒன்றரை மாதத்துக்கு மேலாகும். டயரில் காற்றைக் குறைத்து ஜம்மென்று மணலில் ஓட்டுகிறீர்களே, அந்தத் தடம் உங்களுக்கு ஒரு ஃபோட்டோ. உள்ளங்கையில் அடங்கும் குஞ்சுக்கு அது ஏற முடியாத பள்ளம். உங்கள் எல்.இ.டி. விளக்கைப் பார்த்து அது கடலுக்குப் பதில் கரைக்கு நடக்கும். புலிக்கு இருக்கிற அதே சட்டப் பாதுகாப்பு இந்த ஆமைக்கும் உண்டு. 1972-ன் வனவிலங்குச் சட்டம், முதல் அட்டவணை. மணல்மேட்டைக் குலைக்காதே என்று 2011-ன் கடலோர அறிவிக்கையும் சொல்லியாயிற்று.

இனி, வண்டிக்கு நீங்கள் செய்கிற கொடுமை. ஒரு கணக்குப் போடுவோம். நாலு பேர் 280 கிலோ. தண்ணீர் 60. கூடாரம் 60. பம்பரும் வின்ச்சும் 80. பேட்டரி 25. இருபது லிட்டர் டீசல் 17. ஃப்ரிட்ஜ், அடுப்பு, சாமான் 60. ஆக 582 கிலோ. ஆர்.சி.யில் மொத்த எடை என்று ஒரு எண் இருக்கும். அதில் காலி வண்டியின் எடையைக் கழித்துவிட்டு இந்தக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அறுபது கிலோவைக் கூரையில் வைத்து, வண்டியையும் உயர்த்தினால் வளைவில் என்ன ஆகும் என்று தலையில் குடம் வைத்து நடந்தவர்களைக் கேளுங்கள்.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.-6 டீசல் வண்டிகளில் கரித்துகளைப் பிடிக்க ஒரு வடிகட்டி இருக்கிறது. 'பவர் கூடும்' என்று அதைக் கழற்றி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். சுத்தமான காற்றைத் தேடிப் போகிறவன், போகிற வழியெல்லாம் கரியைத் துப்பிக்கொண்டு போகிறான்!

'நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டவில்லையா? திருச்செங்கோட்டில் ரிக் வண்டி செய்யவில்லையா? எங்களுக்கு மட்டும் என்ன சட்டம்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அவர்கள் கட்டுவது வெறும் சேஸிஸ் மேல்; கட்டி முடித்ததை அதிகாரி பார்த்த பிறகுதான் பதிவு. உங்களுக்கோ, தயாரிப்பாளர் சொன்னதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்திய சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு கட்டிலையும் ஆளைக் கொல்லும் பம்பரையும் இந்தச் சட்டம் ஒரே தராசில் வைக்கிறது என்றால், அது தப்புதான். மோட்டார் கேரவனுக்கு ஏ.ஐ.எஸ்.-124 என்று விதி எழுதத் தெரிந்த அரசுக்கு, தனிமனிதர் செய்கிற மாற்றத்தைப் பொறியாளர் சோதித்துச் சான்று தரும் வழி செய்யவா தெரியாது? அதைக் கேளுங்கள். நானும் கூட நின்று கேட்கிறேன். கையோடு இன்னொன்றும் கேட்போம்: கழிப்பறையும் தண்ணீரும் உள்ள, காசு கட்டித் தங்குகிற முகாம் திடல். சுற்றுலாவை நம்பிப் பிழைக்கிற புதுச்சேரிக்கு இது பெரிய காரியமில்லை.

அதுவரை ஒரு யோசனை. பின்தொட்டியில் பலகைக் கட்டில், இரண்டு பெட்டி, ஒரு தார்ப்பாய். சாயங்காலம் ஏற்றி, மறுநாள் இறக்கிவிடலாம். வெல்டிங் வேண்டாம், அபராதம் வேண்டாம். அரியாங்குப்பத்துக்கு வாருங்கள். வண்டியை ரோட்டிலேயே ஓரமாக நிறுத்துங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடந்து போங்கள். ஃபோர் பை ஃபோர் இல்லாமலேயே கடல் வரைக்கும் போய்ச் சேரலாம்.