ஏசியை நாமளே மாட்டலாமா? 2,000 ரூபாய் மிச்சத்துக்குப் பின்னாடி இருக்கிற கணக்கு



ஏசி வாங்குறப்ப நாம எல்லாரும் நல்லாவே கணக்கு போடுறோம். எத்தனை ஸ்டார், நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கா, எந்த கார்டுக்கு ஆஃபர்னு எல்லாம் பார்க்கிறோம். கடைசியில "இன்ஸ்டலேஷன் தனி"ன்னு ஒரு வரி வரும். அங்கதான் பலருக்கும் அந்த யோசனை வருது: டிரில்லிங் மெஷின் இருக்கு, யூடியூப் இருக்கு, நாமளே மாட்டிடலாமே?

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஸ்பிளிட் ஏசியை நீங்களே மாட்டாதீங்க. அதுக்காக ஆளை வரவழைச்சுட்டு மொபைலைப் பார்த்துக்கிட்டும் உட்காராதீங்க. மாட்டுறது அவர் வேலை, சரியா மாட்டுறாரான்னு பார்க்கிறது உங்க வேலை.

மிச்சம் எவ்வளவு, ரிஸ்க் எவ்வளவு?

ஏசி விலை 40,000 ரூபாய், மாட்டுற கூலி 2,000 ரூபாய்னு வச்சுக்குவோம். நீங்களே செஞ்சா 2,000 மிச்சம். ஆனா வேக்யூம் பம்ப், கேஜ், ஃபிளேரிங் டூல், டார்க் ரெஞ்ச் எல்லாம் வேணும். ஒரே ஒரு ஏசிக்காக இதையெல்லாம் வாங்கினா அந்த 2,000 எங்கேயோ போயிடும். வாங்காம செஞ்சா 40,000 ரூபாய் பொருளை வச்சு விளையாடுறோம்னு அர்த்தம்.

ஏன்னா, புது ஏசியில கேஸ் அவுட்டோர் யூனிட்டுக்குள்ளதான் அடைச்சு வரும். காப்பர் பைப்லயும் இன்டோர் யூனிட்லயும் காத்தும் ஈரமும் இருக்கும். அதை வேக்யூம் பம்ப் போட்டு இழுத்துட்டுத்தான் வால்வைத் திறக்கணும். ஈரம் உள்ளேயே தங்கினா கம்ப்ரசர் கொஞ்சம் கொஞ்சமா கெடும். முதல் நாள் ரூம் ஜில்லுன்னுதான் இருக்கும், பிரச்சினை பிறகுதான் தெரியும். அப்போ வாரண்டி கேட்டா, "யார் மாட்டினாங்க?"ன்னுதான் முதல்ல கேட்பாங்க. வாரண்டி கார்டுல இன்ஸ்டலேஷன் பத்தி என்ன போட்டிருக்குன்னு வாங்குறதுக்கு முன்னாடியே படிச்சுடுங்க.

இன்னொண்ணு, இப்போ பரவலா வர்ற ஆர்-32 கேஸ் லேசா தீப்பிடிக்கக் கூடியது. சில மாடல்கள்ல இருக்கிற ஆர்-290 சுத்தமான புரொப்பேன். கத்துக்கிறதுக்கான இடம் இது இல்லை.

கடலோரம்னா செலவு வேற

மறைமலை நகர்லயோ செங்கல்பட்டு டவுன்லயோ இருக்கிறவங்களுக்கும், கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கம் கடலை ஒட்டி இருக்கிறவங்களுக்கும் ஒரே கணக்கு சரிப்படாது. உப்புக்காத்து முதல்ல கை வைக்கிறது அவுட்டோர் யூனிட்லதான். துருப்பிடிக்காத கோட்டிங் உள்ள காப்பர் காயில், கால்வனைஸ்டு ஸ்டாண்ட், நல்ல போல்ட் இந்த மூணுலயும் கஞ்சத்தனம் வேண்டாம்.

2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்துலதான் கரையைக் கடந்துச்சு. அந்த மாதிரி காத்துல உங்க அவுட்டோர் யூனிட்டைத் தாங்கப் போறது சுவர்ல இருக்கிற நாலு போல்ட்தான். கீழே ஆள் நடக்கிற வழி இருக்கும், பக்கத்து வீட்டு பைக் நிக்கும். பால்கனியில இடம் இருந்தா தரையிலேயே ஸ்டாண்ட் போட்டு வைங்க. சர்வீஸும் ஈஸி, யாரும் வெளியே தொங்க வேண்டாம்.

வாடகை வீட்டுல இருக்கீங்களா?

சுவர்ல ஓட்டை போடுறதுக்கு முன்னாடி ஹவுஸ் ஓனர்கிட்ட வாட்ஸ்அப்ல எழுத்தா சம்மதம் வாங்கிடுங்க. இல்லைன்னா காலி பண்றப்ப அட்வான்ஸ்ல கை வைப்பாங்க. வீடு மாத்துற ஒவ்வொரு தடவையும் கழட்ட ஒரு கூலி, மாட்ட ஒரு கூலி, சில நேரம் கேஸும் சேரும். அடிக்கடி வீடு மாறுறவங்களுக்கு, ஜன்னல் வசதி இருந்தா, விண்டோ ஏசி நல்ல சாய்ஸ். அதுல கேஸ் ஃபேக்டரியிலேயே சீல் ஆகி வருது, பைப் வேலையே கிடையாது. ஃபிரேம் உறுதியா இருந்து, தூக்க ரெண்டு பேர் இருந்தா, அதை நீங்களே வைக்கலாம்.

ஆள் வர்றப்ப நீங்க பார்க்க வேண்டியது

1. புக் பண்றப்பவே கேளுங்க: "வேக்யூம் பம்ப் கொண்டு வருவீங்களா?" கேஸை விட்டே காத்தை வெளியேத்துறேன்னு சொன்னா வேற ஆளைப் பாருங்க.
2. கூடுதல் பைப்புக்கு மீட்டர் எவ்வளவுன்னு வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பேசிடுங்க.
3. வால்வைத் திறந்த பிறகு, ஜாயின்ட்ல சோப்பு நுரை வச்சு லீக் பார்க்கச் சொல்லுங்க.
4. டிரெயின்ல ஒரு மக் தண்ணி ஊத்தி, அது தானா வெளியே போகுதான்னு பாருங்க.
5. தனி லைன், எம்சிபி, எர்த் இதையெல்லாம் எலக்ட்ரீஷியனை வச்சு முன்னாடியே முடிச்சுடுங்க.
6. மாடியில வெளிச்சுவர்ல வேலைன்னா, சேஃப்டி பெல்ட் இல்லாம அண்ணனை வெளியே இறங்க விடாதீங்க. "பழக்கம்தான் சார்"ம்பார். அவரை நம்பியும் ஒரு குடும்பம் இருக்கு. பெல்ட் கொண்டு வர இன்னொரு நாள் ஆனாலும் பரவாயில்லை.
7. பில் வாங்கி, வாரண்டி கார்டோட சேர்த்து வைங்க.

2025 செப்டம்பர் 22-லிருந்து ஏசிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிடுச்சு. பழைய வரியோட 40,000 ரூபாய் இருந்த ஏசி, அடிப்படை விலை மாறலைன்னா, இப்போ 36,875 ரூபாய். அந்த 3,125 ரூபாயை நல்ல இன்ஸ்டலேஷனுக்கும் ஸ்டாண்டுக்கும் ஒதுக்குங்க. ஏசி பட்ஜெட்ங்கிறது கடை பில் மட்டும் இல்லை, மாட்டி முடிக்கிற வரைக்கும் ஆகிற மொத்தச் செலவு.

உங்க ஏரியாவுல மாட்ட எவ்வளவு கேட்டாங்க, வேக்யூம் போட்டாங்களா? கமெண்ட்ல சொல்லுங்க, மத்தவங்களுக்கும் உதவும்.