பை குறையலாம், பொய் கலக்கலாமா?

நம்ம இயக்கத்தில் இப்போது நிறைய பேர் காய்கறிப் பை போடுகிறோம். நகரத்தில் முப்பது, நாற்பது குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு, பட்டம் தொடங்கும்போதே முன்பணம் வாங்கி, வாரம் ஒரு பை கொண்டுபோய்க் கொடுக்கிற ஏற்பாடு. பங்குப் பண்ணை என்று சொல்கிறோம். மண்டி கமிஷன் கிடையாது, விலை விழுந்தால் பறிகூலிக்குக் கூடத் தேறாது என்கிற பயம் கிடையாது. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் சமீப காலமாகக் காதில் விழுகிற ஒரு விஷயம் கவலையாக இருக்கு. காய் குறைந்த வாரங்களில் மொத்த மார்க்கெட்டில் வாங்கிப் பையை நிரப்பி அனுப்புகிறார்கள் சிலர். கேட்டால், "தக்காளி இல்லேன்னா நின்னுடுவாங்க சார், வேற என்ன வழி?" என்கிறார்கள். வேறு வழி இருக்கு என்பதுதான் என் கட்சி. பை பாதியாகப் போகலாம். ஆனால் நம் மண்ணில் விளையாத மருந்தடித்த காய், நம் பெயரில் ஒன்றுகூடப் போகக் கூடாது.

கடன் வேறு, பங்கு வேறு

முப்பத்தி நாலு வருஷம் வங்கியில் இருந்தவன் நான். அதில் பாதி கிராமக் கிளைகளில். பயிர்க்கடன் விண்ணப்பம் எத்தனை பார்த்திருப்பேன்! பயிருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று மாவட்ட அளவில் தொகை நிர்ணயம் செய்திருப்பார்கள். நெல்லுக்கு ஒன்று, கரும்புக்கு ஒன்று, வாழைக்கு ஒன்று. ஒரே ஏக்கரில் பதினைந்து காய்கறி கலந்து போடுகிறவருக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. பயிர்க் காப்பீடும் அப்படித்தான். ஒரு வட்டாரத்தின் சராசரி மகசூலைப் பார்ப்பார்களே தவிர, உங்கள் பந்தல் சாய்ந்ததா என்று பார்க்க மாட்டார்கள்.

கடன் கொடுத்தவருக்கு மழை பெய்ததா, காய் பிடித்ததா என்பது கணக்கில்லை. தவணைத் தேதி மட்டும்தான் கணக்கு. பங்கு போட்டவர் அப்படி இல்லை. லாபத்தில் பங்கு உண்டு, நட்டத்திலும் பங்கு உண்டு. காய்கறிப் பைக்கு முன்பணம் கட்டுகிற குடும்பம் நமக்குக் கடன் கொடுக்கவில்லை, நம்மோடு பங்கு சேர்கிறது. தையில் பை கனத்தால் அது அவர்களுக்கு லாபம். ஐப்பசி அடைமழையில் கீரை அழுகினால் அதில் அவர்களுக்கும் பாதி.

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. ஜப்பானில் 1971-இல் இயற்கை வேளாண்மைச் சங்கம் தொடங்கினார்கள். உழவர்களும் குடும்பங்களும் நேரடியாகக் கைகோக்கிற முறைக்கு அங்கே 'தெய்கெய்' என்று பெயர். 1978-இல் அதற்குப் பத்து நெறிகள் வகுத்தார்கள். விளைந்ததை எல்லாம் குடும்பங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அமெரிக்காவில் 1986-இல் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் இரண்டு பண்ணைகள் இதே போலப் பங்கு முறையில் தொடங்கின. எங்கே போனாலும் அடிப்படை ஒன்றுதான்: நிலம் கொடுப்பதை எடுத்துக்கொள்வது, நாம் கேட்பதை நிலத்திடமிருந்து பிடுங்குவது இல்லை.

மார்க்கெட் காயைப் போட்டுப் பையை நிரப்பும் அன்றே அந்தப் பங்காளி வெறும் வாடிக்கையாளர் ஆகிவிடுகிறார். அடுத்த வாரம் கத்தரியில் ஒரு புழு இருந்தால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போவார். பங்காளிதான் போன் போட்டு, "என்னாச்சு சார், பூச்சி அதிகமா?" என்று கேட்பார்.

பருவம் என்பது வெறும் ஐதீகம் இல்லை

பந்தல் அவரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடியில் ஊன்றினால் கொடி ஏறி, பகல் குறுகும் காலத்தில் பூவெடுத்து, மார்கழி, தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். அதே விதையைத் தை முடிந்து ஊன்றிப் பாருங்கள். கொடி ஓடும், இலை தழைக்கும், பூ வராது. பகல் நீளம் பார்த்துப் பூக்கிற பயிர் அது. குத்து அவரையில் வருஷம் முழுக்கக் காய்க்கிற ரகங்கள் வந்துவிட்டன. நம் நாட்டுப் பந்தல் அவரை இன்னும் நாள் பார்த்துத்தான் பூக்கிறது.

தக்காளி சித்திரை, வைகாசி வெயிலில் பூ உதிர்த்துவிடும், பிஞ்சு பிடிக்காது. விடாத மழையில் செடி கருகும், பழம் வெடிக்கும். அதனால்தான் ஒரு மாசம் கிலோ 10 ரூபாய்க்குக் கேட்பாரில்லாமல் கிடக்கிற பழம், இன்னொரு மாசம் எட்டாத விலைக்குப் போகிறது. 2023 ஜூலையில் தக்காளி 100 ரூபாயைத் தாண்டி, அரசே ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். வெண்டைக்குக் கோடையில் வெள்ளை ஈ, அதன் பின்னாலேயே மஞ்சள் நரம்பு நோய். முருங்கைக்காய் கோடையில் மரம் ஒடியக் காய்க்கும், மழையும் பனியும் வந்தால் விலை கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

பருவம் தவறி ஒரு காயை எடுக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. எடுக்கலாம். அதற்கு மருந்தடிக்க வேண்டும், இல்லை நிழல்வலைக்கூடம் போட வேண்டும், இல்லை தூரத்திலிருந்து லாரியில் வர வேண்டும். மருந்து வேண்டாம் என்றுதானே அந்தக் குடும்பம் நம்மிடம் வந்தது? பன்னிரண்டு மாசமும் தக்காளி கேட்பதும், மருந்தில்லாத தக்காளி கேட்பதும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. இதை அவர்களிடம் முகத்துக்கு நேராகச் சொல்ல நாம்தான் தயங்குகிறோம்.

அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கு

"மூணு வாரமா சுரைக்காய்தான் சார், பிள்ளைங்க தட்டைத் தள்ளிட்டுப் போகுது" என்று ஒரு அம்மா சொன்னால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆறு பாத்தியிலும் ஒரே நாளில் சுரை ஊன்றினால் ஒரே நாளில்தான் காய்க்கும். பதினைந்து நாள் இடைவெளி விட்டு ஊன்றுவது நம் வேலை. பருவத்தைக் காரணம் காட்டித் திட்டமிடாத விவசாயத்தை மறைக்கக் கூடாது.

"காய் குறைஞ்சா பணம் மட்டும் ஏன் அதே பணம்?" என்பதும் சரியான கேள்விதான். அதற்குக் கணக்கைத் திறந்து காட்டுவதுதான் பதில். எங்கள் பண்ணை இரண்டு ஏக்கர், முப்பது குடும்பம். வாரம் 500 ரூபாய் வீதம் பன்னிரண்டு வாரத்துக்கு 6,000 ரூபாய் முன்பணம். ஆக ஒரு பட்டத்துக்கு 1,80,000 ரூபாய். விதை, பந்தல் கம்பி, மாட்டுத் தீவனம், வண்டி வாடகை எல்லாம் இதில்தான். எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு கூலி. காய் இல்லாத மாசத்திலும் களை வளரும். அன்றைக்கும் வேலைக்கு வருகிற நாலு பெண்களுக்குச் சாயங்காலம் சம்பளம் கொடுத்தாக வேண்டும். காய்க்காத வாரத்துக் காசுதான் அடுத்த மாசத்துக் காயை விளைவிக்கிறது. இதை ஒரு தாளில் எழுதிக் காட்டினால் புரிந்துகொள்ளாத குடும்பம் குறைவு.

என்ன செய்யலாம்?

ஒன்று, முன்பணம் வாங்கும் நாளிலேயே பட்டம் வாரியாக எந்த மாசம் என்ன வரும் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எந்த வாரங்கள் மெலிந்து போகும் என்பதையும் அதிலேயே சொல்லிவிட வேண்டும்.

இரண்டு, மெலிந்த மாசத்துக்கென்றே நட வேண்டும். வரப்போரம் வாழை, பப்பாளி, அகத்தி, சுண்டை, கறிவேப்பிலை. நிழல் பக்கம் சேனை, கருணை. மழைக்குத் தாங்குகிற பொன்னாங்கண்ணி. வாழைத்தண்டும் பப்பாளிக்காயும் இருந்தால் பை வெறுமையாகப் போகாது.

மூன்று, வற்றல். காய்க்கிற காலத்தில் மிஞ்சியதைக் காயவைத்து, காயாத காலத்துக்கு வைத்துக்கொள்வதுதானே நம் வீட்டுப் பாட்டிகள் செய்தது? சுண்டை வற்றல், கொத்தவரை வற்றல், மணத்தக்காளி வற்றல், மோர் மிளகாய். மாசியில் மாட்டுக்குப் போடுகிற கொத்தவரை, கார்த்திகையில் பைக்குள் போகலாம்.

நான்கு, பக்கத்து இயற்கை விவசாயியிடம் வாங்கிப் போடுவதில் தப்பே இல்லை. ஆனால் "இந்தப் பாகற்காய் எங்களுடையது இல்லை, இன்னார் தோட்டத்தது" என்று பைக்குள் ஒரு சீட்டு இருக்க வேண்டும்.

ஐந்து, வருஷம் இரண்டு தடவையாவது குடும்பங்களைத் தோட்டத்துக்கு வரச் சொல்லுங்கள். சாய்ந்த பந்தலையும் கருகிய தக்காளியையும் சேர்த்தே காட்டுங்கள். பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

நமக்குப் பெரிய கம்பெனி மாதிரி விளம்பரம் கிடையாது, குளிர்பதனக் கிடங்கு கிடையாது. கையில் இருக்கிற ஒரே முதல் நம்பிக்கை. ஒரு பண்ணையின் பையில் மார்க்கெட் காய் பிடிபட்டால் அந்தப் பண்ணை மட்டும் கெடாது. "இயற்கைன்னாலே ஏமாத்துதான்" என்ற பேச்சு நம் எல்லோர் வாசலுக்கும் வரும். பத்து வருஷம் பஞ்சகவ்யாவும் மீன் அமிலமும் தெளித்து மண்ணை மீட்டவர் அதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இதைப் படிக்கிற பங்குக் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. அடைமழை மாசத்தில் பையில் நாலு காயும் ஒரு கட்டுக் கீரையும் ஒரு பொட்டலம் வற்றலும் மட்டும் வந்தால் கோபப்படாதீர்கள். உங்கள் உழவர் உங்களிடம் உண்மையாக இருக்கிறார் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. எல்லா மாசமும் எல்லாக் காயும் ஒரே மாதிரி வந்தால்தான் போன் போட்டுக் கேட்க வேண்டும்.