எஞ்சின் சூடேறினால் குறை யாரில்?

பழைய வெளியிணைப்பு எஞ்சின் சூடேறி நின்றால், "இனி இது சரிவராது" என்று ஒதுக்கிவிடுகிறோம். குறை பெரும்பாலும் எமது பராமரிப்பிலேதான். பக்கத்துளையால் தண்ணீர் பீறிடவில்லையானால் உடனே எஞ்சினை நிறுத்துவோம். உறிஞ்சும் வாயில் பாசியோ பொலித்தீனோ அடைத்துள்ளதா எனப் பார்த்து, பக்கத்துளையையும் மெல்லிய கம்பியால் துப்புரவாக்குவோம். அப்படியும் தண்ணீர் வராவிட்டால், பம்பினுள் இருக்கும் றப்பர்ச் சக்கரம் தேய்ந்திருக்கலாம். தண்ணீர் வந்தும் சூடேறினால், தேமோஸ்ரற் உப்பினால் இறுகியிருக்கலாம்.

கரை சேர்ந்ததும் நன்னீர்ப் பீப்பாயில், கியர் போடாமல், சில நிமிடம் ஓட்டினால் உப்புக் கழுவுப்படும். தண்ணீரின்றி ஓட்டினால் றப்பர்ச் சக்கரம் விரைவில் கெடும்.

கூட்டாகப் படகு வைத்திருப்போர் மேலதிகச் சக்கரமொன்றை முன்கூட்டியே வாங்கிவைக்க வேண்டும். இச்சிறு செலவுக்குப் பின்னின்று பிஸ்டன் இறுகினால், கடன் எல்லோர் தலையிலும் விழும். பொதுச் சொத்தைப் பேணுவது எல்லோரது கடமையல்லவா?