ஏணி எடுத்துட்டுப் போனது என் தப்பு

சித்திரை மாசம் ஒரு நாள் காலையில தர்பூசணிக் கொல்லைக்குத் தண்ணி திருப்பிட்டு வந்து திண்ணையில உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டு ஆயா வந்து நின்னாங்க.

"யப்பா, எங்க டிவி பொட்டி கெட்டுப்போச்சு. செத்த வந்து பாரேன்."

ஆயாவுக்கு 75 வயசுக்கு மேல இருக்கும். 40 வருஷம் உப்பளத்துல வேலை செஞ்சவங்க. நீங்க சென்னையிலேர்ந்து ஈசிஆர் வழியா பாண்டிச்சேரி போறப்போ மரக்காணத்துக்கிட்ட ரோட்டோரம் வெள்ளை வெளேர்னு குவிஞ்சு கிடக்குமே, வண்டியை நிறுத்தி போட்டோ எடுப்பீங்களே, அந்த உப்பு. இப்போ அவங்க வேலைக்குப் போறதில்லை. மகன் போறான். ஆயா வீட்டுல உட்கார்ந்து சேதி பார்ப்பாங்க. சீரியல் இல்ல, சேதி. அதுலயும் மழை சேதி வந்தா சத்தத்தைக் கூட்டி வெப்பாங்க.

போய்ப் பார்த்தேன். அவங்க பார்க்கிற செய்தி சேனல்ல மட்டும் கறுப்புத் திரை, அதுல இங்கிலீஷ்ல ஏதோ ரெண்டு வரி. மத்த சேனல் பாதிக்கு மேல நல்லாத்தான் ஓடுது. நான் என்ன செஞ்சிருக்கணும்? ரெண்டு நிமிஷம் உட்கார்ந்து யோசிச்சிருக்கணும். நான் ஏணியைத் தூக்கிட்டு மாடிக்கு ஏறினேன்.

கடலோரத்துல இருக்கிறவனுக்கு இது ஒரு வியாதி. எது கெட்டாலும் உப்புக்காத்துதான் காரணம்னு தோணும். எங்க ஊர்ல சைக்கிள் செயின்லேர்ந்து மோட்டார் ஸ்டார்ட்டர் வரைக்கும் அதுதான் தின்னுது. மாடியில பார்த்தா டிஷ்ஷோட போல்ட் எல்லாம் துரு ஏறி உப்பிக் கிடக்கு. டிஷ்ஷுக்கு முன்னாடி கம்பியில நீட்டிக்கிட்டு இருக்குமே, எல்என்பி, அதுல ஒயர் மாட்டுற இடம் பச்சை பூத்திருந்துச்சு. 'சரி, வியாதி கெடைச்சுடுச்சு'ன்னு ஒயரைக் கழட்டித் துடைச்சு மாட்டினேன். வரலை. டிஷ் கொஞ்சம் சாஞ்சிருக்குமோன்னு இப்படி ஒரு தட்டு, அப்படி ஒரு தட்டு. கீழேர்ந்து ஆயா கத்துறாங்க: "யப்பா, ஓடிட்டு இருந்ததும் போச்சு!"

விண்வெளியில நிக்கிற அந்தச் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு நேர் மேல கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் உயரத்துல இருக்கு. ஆயா வீட்டு டிஷ் பார்க்கிறது கிழக்கு 93.5 டிகிரியில நிக்கிறதை. அந்த ஒரே இடத்துலேர்ந்து ஒண்ணுக்கு மேற்பட்ட சேவைகள் வருது, அதனால அது யாரோட டிஷ்ஷுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்க ஊர்லேர்ந்து பார்த்தா அது தென்கிழக்குல, கடல் பக்கமா, நல்லா அண்ணாந்து பார்க்கிற உயரத்துல இருக்கு. ஒரு விரக்கடை தள்ளினா போதும், டிஷ் வெறும் வானத்தைத்தான் பார்க்கும். அந்த வேலையை நான் சுத்தமா செஞ்சு முடிச்சேன்.

அப்புறம் பக்கத்து டவுன்லேர்ந்து ஒரு மெக்கானிக்கை வரவழைச்சோம். வந்தவர் என்ன ஏதுன்னு கேக்கல. எல்என்பி போயிடுச்சுன்னார். புதுசு மாட்டி, நான் கெடுத்த டிஷ்ஷைத் திருப்பி நிறுத்தி, 850 ரூபாய் வாங்கிட்டுப் போனார். ஆயாவுக்கு அரசாங்கம் கொடுக்கிற முதியோர் உதவித்தொகை மாசம் 1,200. நான் தர்றேன்னேன், கேக்கல. "என் பொட்டிக்கு நீ ஏம்பா குடுக்கணும்?"

சேனல் எல்லாம் வந்துச்சு. ஆயா பார்க்கிற அந்தச் செய்தி சேனலைத் தவிர.

பத்து நாள் இப்படியே போச்சு. பத்தாம் வகுப்பு பரீட்சை முடிச்சிட்டு லீவுக்கு வந்த என் தங்கச்சி பையன் ஒரு சாயந்திரம் ஆயா வீட்டுக்குப் போனான். ரிமோட்டுல மெனுவை அழுத்தினான், சேனல் தேடுற இடத்துக்குப் போய் ஓகே கொடுத்தான். திரையில ஒரு கோடு மெதுவா நகர்ந்துச்சு. அஞ்சாறு நிமிஷம். அந்தச் செய்தி சேனல் வேற ஒரு நம்பர்ல போய் உட்கார்ந்திருந்துச்சு. அலைவரிசை மாறியிருக்கு, அவ்வளவுதான். டிஷ் கெடலை, எல்என்பி கெடலை, ஒயர் கெடலை. ஆயா சொன்ன ஒரு வார்த்தை இன்னும் என் காதுல நிக்குது: "நான் என் கண்ணுதான் அவிஞ்சு போச்சுன்னு நெனச்சேன்."

நடந்தது என்னன்னு கொஞ்சம் சொல்லிடுறேன், உங்க அம்மா அப்பா ஊர்ல இருந்தா உதவும். செயற்கைக்கோள்லேர்ந்து சேனல் ஒவ்வொண்ணா தனித்தனியா வர்றதில்லை. பத்து இருபது சேனலை ஒரு கட்டா கட்டி ஒரு அலைவரிசையில அனுப்புறாங்க. 11,090 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு கட்டு வருதுன்னு வெச்சுக்கோங்க. எல்என்பி அதுல 9,750-ஐக் கழிச்சு 1,340 ஆக்கி ஒயர்ல கீழே இறக்குது, ஏன்னா அவ்வளவு பெரிய அலைவரிசை வீட்டு ஒயர்ல தாங்காது. பெட்டிக்கு எந்தக் கட்டு எந்த அலைவரிசையில இருக்குன்னு ஒரு பட்டியல் ஞாபகத்துல இருக்கும். மேல கட்டை இடம் மாத்திட்டு கீழே பட்டியலை மாத்தலைன்னா, பெட்டி பழைய இடத்துலயே கதவைத் தட்டிக்கிட்டு நிக்கும். அதனால எல்லா சேனலும் ஒரேயடியா போனா ஒயர், எல்என்பி, டிஷ்ஷைச் சந்தேகப்படலாம். சில சேனல் மட்டும் போய், மத்தது தெளிவா ஓடினா முதல்ல தேடல்தான் போட்டுப் பார்க்கணும். இது நூத்துக்கு நூறு சரின்னு சொல்ல மாட்டேன். சிக்னல் பலவீனமா இருந்தாலும் சில கட்டு மட்டும் விழும். ஆனா தேடல் போடக் காசு கிடையாது, ஏணியும் வேண்டாம்.

இன்னொண்ணு. பெட்டியில சிக்னல் பார்க்கிற இடத்துல ரெண்டு கோடு இருக்கும். ஒண்ணு வலிமை, ஒண்ணு தரம். வலிமைக் கோடு நிறைய இருக்குன்னு ஏமாந்துடாதீங்க, எல்என்பிக்கு கரண்ட்டு போகுதுன்னாலே அது பாதிக்கு மேல ஏறி நிக்கும். தரக் கோடுதான் பேசும். மார்ச் நடுவுலயும் செப்டம்பர் கடைசியிலயும் சில நாள், எங்க ஊர்ல காலை பதினோரு மணி வாக்குல, சில நிமிஷம் எல்லாம் போய்த் திரும்ப வரும். அப்போ சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னாடி வர்றான். அதுக்கும் யாரையும் கூப்பிட வேண்டாம்.

சரி, இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுறேன்? சென்னையில இருக்கிற ஒரு நண்பர்கிட்ட சொன்னப்போ சிரிச்சார். "இன்னுமா டிஷ்? போன்லயே எல்லாம் வருதே." வருதுதான். ஆயாகிட்ட இருக்கிறது பட்டன் போன். மகன்கிட்ட ஸ்மார்ட் போன் இருக்கு, அதை அவன் விடியக்காலையில பாத்திக்கு எடுத்துட்டுப் போறதில்லை. உப்புத்தண்ணி பட்டா போன் போச்சு. மாச வாடகை இல்லாத தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ், 2004 டிசம்பர்ல ஆரம்பிச்சது, இன்னிக்கு நாட்டுல 4 கோடி வீட்டுக்கு மேல இருக்குன்னு கணக்கு சொல்றாங்க. காசு கட்டுற டிஷ் தனி. இதையெல்லாம் பழங்கதைன்னு தள்ள முடியாது.

எங்களுக்கு மழை சேதி பொழுதுபோக்கு இல்லீங்க. சித்திரை, வைகாசிதான் உப்பு நல்லா விளையுற காலம். ராத்திரி ஒரு மணி நேரம் கோடை மழை பெய்ஞ்சா பாத்தியில இருக்கிறது கரைஞ்சு திரும்ப வெறும் தண்ணி. முன்கூட்டியே தெரிஞ்சா வாரிக் குவிச்சு மூடிடலாம். அந்தப் பத்து நாள்ல ஒரு ராத்திரி மழை வந்துச்சு. ஆயா மகன் வேலை செய்யுற பாத்தியில வாரிப் போட்டது மூடாம கிடந்து கொஞ்சம் போச்சு. டிவி ஓடியிருந்தா அது தப்பிச்சிருக்கும்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். எத்தனையோ தடவை சேதி வந்தும் மழை வரலை, சேதி வராமலும் வந்திருக்கு. ஆனா ஆயா அப்படித்தான் நம்புறாங்க, அவங்களுக்கு அந்த வருத்தம் இருக்கு.

2020 நவம்பர்ல நிவர் புயல் எங்களுக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவுல கரை ஏறிச்சு. அன்னிக்கு ராத்திரி எந்த டிஷ்ஷும் உதவல. கனமழையில இந்த அலை மங்கிப் போகும், கரண்ட்டும் இருக்காது. உதவினது அதுக்கு முந்தின மூணு நாள். படகைக் கரை ஏத்தணுமா, மாட்டை எங்கே கட்டணும், அறுக்கலாமா விடலாமான்னு முடிவு பண்ணின நாள் அது.

எங்க வீட்டு மாடியில இன்னும் ஒரு இரும்புப் பைப் நிக்குது. எங்க நைனா ஆன்டெனாவுக்காக நட்டது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல ஆரம்பிச்சது, எங்க வீட்டுக்குப் பெட்டி வர பத்து வருஷம் மேல ஆச்சு. ஒருத்தர் மேல திருப்ப, ஒருத்தர் கீழே "வந்துச்சு... போச்சு... வந்துச்சு"ன்னு கத்த, அப்படி வளர்ந்த கை என் கை. அதான் டிஷ்ஷையும் திருப்பிடுச்சு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருந்த சொந்தக்காரங்க இன்னும் உயரமா ஆன்டெனா கட்டி இலங்கை ரூபவாகினி பார்த்தாங்க. அந்தத் தரைவழி ஒளிபரப்பை, முக்கியமான 50 இடம் போக, 2022 மார்ச் 31-க்குள்ள நிறுத்துறதா பிரசார் பாரதி சொல்லிச்சு. பழைய தொழில்நுட்பம், மின்சாரச் செலவு, பார்க்கிறவங்க குறைச்சல், எல்லாம் நியாயமான காரணம். ஆன்டெனா மழையில டிஷ் அளவுக்குச் சுருண்டுக்காதுங்கிறதையும் எடை போட்டிருக்கலாம்ங்கிறது என் ஆதங்கம். எங்க வீட்டு பைப்புல இப்போ துணி காயுது.

மாத்தவே கூடாதுன்னு நான் சொல்லல. செயற்கைக்கோளுக்கும் ஆயுசு உண்டு. 2015 நவம்பர்ல ஏவின ஜிசாட்-15, ஏற்கெனவே இன்சாட்-4பி நின்ன அதே 93.5 டிகிரியில போய் நின்னுச்சு. ஊர் ஊரா டிஷ்ஷைத் திருப்பாம இருக்க அது நல்ல ஏற்பாடு. மேல இருக்கிறவங்க இவ்வளவு யோசிக்கிறாங்க. கீழே இருக்கிற பெட்டியில ஒரு பட்டனை அழுத்தணும்னு யார் சொல்றது?

அமெரிக்காவுல 2017-லேர்ந்து 2020 ஜூலை வரைக்கும் ஆயிரத்துக்குக் கிட்டத்தட்ட டிவி நிலையங்களை வேற அலைவரிசைக்கு மாத்தினாங்க, செல்போன் கம்பெனிகளுக்கு இடம் விடுறதுக்காக. அங்கே ஒரு விதி போட்டாங்க. மாறப்போற நிலையம் 30 நாள் முன்னாடியிருந்தே, தினமும் குறைஞ்சது 60 வினாடி, தன்னோட திரையிலயே அதைச் சொல்லியாகணும். இங்கிலாந்துல டிஜிட்டலுக்கு மாறின வேலை 2012-ல முடிஞ்சது. அப்போ 75 வயசு தாண்டினவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே ஆள் வந்து பெட்டி மாட்டி, பழக்கிக் கொடுத்துட்டுப் போக ஒரு திட்டமே வெச்சிருந்தாங்க. நம்ம ஊர்ல வீட்டுக்கு வீடு ஆள் அனுப்பச் சொன்னா அது பேராசை. ஆனா மாறப்போற சேனல்ல ஒரு மாசம் முன்னாடி, கீழே ஓடுற வரியில, தமிழ்ல, "இந்தத் தேதிக்குப் பிறகு படம் வரலைன்னா ரிமோட்டுல இதை அழுத்துங்க"ன்னு போட என்ன செலவு? மாத்தின பிறகு இணையதளத்துல அறிவிப்பு போடுறதும், அந்தச் சேனல் வராத வீட்டுக்கு அந்தச் சேனல்லயே அறிவிப்பு போடுறதும் ஒண்ணுதான். ராத்திரி பெட்டி சும்மா இருக்கிற நேரத்துல தானே ஒரு தடவை தேடிக்கிற மாதிரி செய்யலாம், சில பெட்டி இப்பவே அப்படிச் செய்யுது. மெனுவைத் தமிழ்ல வைக்கலாம். ஆயா வீட்டுப் பெட்டியில "நோ சிக்னல்"ங்கிறது இங்கிலீஷ்ல வருது. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு எந்த மொழியும் ஒண்ணுதான்னு வாதம் பண்ணலாம், ஆனா படிச்சுச் சொல்ல பக்கத்து வீட்டுல ஒரு பிள்ளை இருக்கும்ல?

850 ரூபாய்ல எனக்குப் பங்கு இருக்கு. அந்த மெக்கானிக்கை மட்டும் திட்டிப் புண்ணியமில்லை. ரெண்டு பேருக்கும் தெரியாத ஒரு விஷயத்துக்கு ஆயா காசு கொடுத்தாங்க.

இப்போ ஆயா ரிமோட்டுல சேனல் நம்பருக்கான ரெண்டு பட்டன் மேல என் பொண்ணு சிவப்பு நகப்பூச்சு வெச்சுவிட்டிருக்கா. மெனு பட்டன் மேல பச்சை. போன வாரம் ஆயா மறுபடி வாசல்ல வந்து நின்னாங்க, பொட்டி வேலை செய்யலைன்னு. ஏணி எடுக்காமப் போனேன். பச்சையை அழுத்தினேன், ஒண்ணும் நடக்கல. ரிமோட்டுல பேட்டரி தீர்ந்திருந்துச்சு.